கண்ணை மூடச் சொல்வதற்கு முன்னால்

சென்னையில் தியானமும் மூச்சுப் பயிற்சியும் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற விழிப்புணர்வுப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பதினெட்டு வருஷமாக ஃபார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்தான். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நல்ல பணிவு, கையில் ஒரு கட்டு நோட்டீஸ். "அக்கா, இதைக் கவுன்ட்டர்ல வெச்சிக்கலாமா? ஃப்ரீ கிளாஸ்தான்" என்றான். வாங்கிப் பார்த்தேன். மன அழுத்தம், பதற்றம், தூக்கமின்மை மூன்றுக்கும் மருந்தில்லாத நிரந்தரத் தீர்வு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, ஏழே நாளில் மாத்திரையை மறந்துவிடுங்கள் என்று ஒரு வரி.

அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். நோட்டீஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டான். கடையில் கூட்டம், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. முகம் வாடிப் போய்விட்டான். அவனிடம் சொல்லாமல் விட்டதைத்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் தியானத்துக்கு எதிரி இல்லை. ஒன்பது வருஷமாக விடியற்காலையில் மொட்டைமாடியில் உட்காருகிறவள். அம்மா இறந்த வருஷம் தொடங்கிய பழக்கம். அப்போதெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு டக்கென்று முழிப்பு வந்துவிடும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அம்மா தண்ணீர் கேட்டது, கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னது, நான் பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் வைத்தது, எல்லாம் வரிசையாக ஓடும். கொடுத்திருக்கலாமே, கொடுத்திருக்கலாமே என்று விடிகிறவரைக்கும் ஓடும். எங்கள் தெருவில் இருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார். மூச்சு உள்ளே வருவதைப் பாரு, வெளியே போவதைப் பாரு, மனசு எங்கே போனாலும் திட்டாமல் கூப்பிட்டுக்கொண்டு வா. அவ்வளவுதான் பாடம்.

முதல் மாதம் பூராவும் மனசு கையில் நிற்கவே இல்லை. மோட்டார் போட்டோமா, பால் பாக்கெட் வந்ததா, இன்றைக்கு ஸ்டாக் எடுக்கிற ஆள் வருவானா என்று ஓடும். மாம்பலத்தில் முதல் மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டதும் ஐயோ நேரமாச்சே என்று எழுந்துவிடுவேன். ஆனாலும் விடவில்லை. நாலைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அதே முழிப்பு, அதே நினைப்பு. கொடுத்திருக்கலாமே. வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போனது. அது ஒரு நினைப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் அதுவே நானாக இருந்தேன். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, குடும்பத்தை விட்டுப் போகாமலே இதைச் செய்யலாம் என்று மனவளக்கலையாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் பூக் கட்டுகிற அம்மாவும் உட்காருகிறார், பேங்க் மேனேஜரும் உட்காருகிறார். உங்களில் பலர் காசு வாங்காமல், ஆபீஸ் முடிந்து வந்த களைப்போடு சொல்லிக்கொடுக்கிறீர்கள். அதையெல்லாம் பார்த்து நம்பித்தான் என் தம்பியை நானே ஒரு முகாமுக்கு அனுப்பினேன்.

தம்பிக்கு இருபத்தாறு வயதில் பைபோலார் என்று கண்டுபிடித்தார்கள். சில வாரம் மனசு உச்சாணிக் கொம்பில் நிற்கும். தூக்கம் வேண்டாம், பேச்சு நிற்காது, பணம் தண்ணீராகப் போகும். அப்புறம் சில மாதம் எழுந்து பல் தேய்க்கக்கூடத் தெம்பு இருக்காது. லித்தியம் எழுதிக்கொடுத்தார்கள். அந்த மருந்துக்கு அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். கூடினால் ஆபத்து, குறைந்தால் பயனில்லை. சலிக்காமல் பார்த்துக்கொண்டான். பதினொரு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. கிண்டி எஸ்டேட்டில் வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. நிதானமான ஆள் என்று தெருவே சொல்லும்.

ஊருக்கு வெளியே ஐந்து நாள் மௌன முகாம். பதிவுப் படிவத்தில் பெயர், வயது, போன் நம்பர், சுகர் உண்டா, பிபி உண்டா, சாப்பாட்டில் எது ஒத்துக்காது என்று கேட்டிருந்தார்கள். மனசுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்காததால் அவனும் எழுதவில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை மாத்திரை எடுத்துக்கொடுக்கிற எனக்கும் அது உறைக்கவில்லை. தியானம்தானே, அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். இன்றுவரை என் நெஞ்சில் அது முள்ளாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பேசினவர் சொன்னாராம், மருந்தெல்லாம் ஊன்றுகோல், கால் சரியானவனுக்கு ஊன்றுகோல் எதற்கு என்று. பதினொரு வருஷம் தொந்தரவில்லாமல் இருந்தவனுக்குத் தன் கால் சரியாகிவிட்டது என்றுதானே தோன்றும்? அன்று ராத்திரியிலிருந்து மாத்திரை அட்டை பையை விட்டு வெளியே வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், படுக்கப் பத்தரை ஆகும். மூன்றாம் ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கினான். நாலாம் ராத்திரி தூங்கவே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. உடம்பெல்லாம் வெளிச்சமாக இருந்தது அக்கா என்று பின்னால் என்னிடம் சொன்னான். அங்கே இருந்த தொண்டரிடமும் இதைச் சொல்லியிருக்கிறான். அவருக்கு ஒரே சந்தோஷம். நல்ல முன்னேற்றம், உள்ளே இருக்கிற கசடெல்லாம் வெளியே போகிறது, தடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

பைபோலார் உள்ள ஒருவருக்குத் தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியவில்லை என்றால், மனசு மேலே ஏறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது முக்கியமான அறிகுறி. தூக்கம் கெடுவதே அதைக் கிளப்பிவிடும். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வருகிற வாய்ப்பு இன்னும் கூடும். இது மனநல மருத்துவம் படித்த எவருக்கும் பாலபாடம். அந்த நாலாம் நாள் காலையில் யாராவது ஒருவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "அக்கா, எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே கண்கள். செவ்வாய்க்கிழமை காலையில், மகளின் ஸ்கூல் ஃபீஸுக்காக வைத்திருந்த நாற்பதாயிரத்தை ஏடிஎம்மில் எடுத்து, மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். அங்கே கீரை விற்கிற அம்மாவுக்கு எங்களைத் தெரியும். அவருக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு, என் கடைவரைக்கும் ஓடி வந்தார். மூச்சு வாங்க முடிச்சை அவிழ்த்து அந்த நோட்டைக் கவுன்ட்டரில் வைத்தார். "தம்பி சரியில்லம்மா. சீக்கிரம் வா." ஒரு வகுப்புக்கும் போகாத அந்த அம்மாவுக்கு, அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். வேலை போனது. அப்பா ஏன் என் ஃபீஸை எல்லாருக்கும் கொடுத்தாங்க என்று குழந்தை கேட்டபோது யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. முகாம் நடத்தியவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில், அவருடைய வினை முதிர்ந்து வெளிப்பட்டிருக்கிறது, பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள் என்றார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சாப்பாட்டுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அவர்களுக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தியானத்தை விஞ்ஞானமே ஒத்துக்கொண்டுவிட்டது என்று வகுப்பில் சொல்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அந்த ஆராய்ச்சிகளை எப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பைத் தொடங்கினார். இன்று உலகம் பூராவும் நடக்கிற வகுப்புகளுக்கு அதுதான் தாய். அது ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே நடந்தது. தீராத வலியோடு இருந்தவர்களை டாக்டர்கள் அனுப்பிவைத்தார்கள். மருந்தும் சிகிச்சையும் ஒரு பக்கம் நடக்க, கூடவே இதுவும் நடந்தது.

அப்புறம் 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. மாத்திரையும் தியானமும் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் 424 பேர். மனச்சோர்வு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்து போனவர்கள், மாத்திரையில் இருக்கிறவர்கள். பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மீதிப் பேர் எட்டு வார வகுப்புக்குப் போய், டாக்டரின் பார்வையில் மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். இரண்டு வருஷம் கவனித்தார்கள். வகுப்புக்குப் போனவர்களில் 44 சதவீதம் பேருக்கும் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பி வந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவு. தியானத்துக்கு இது எவ்வளவு பெருமை! ஆனால் இன்னொரு முறை அந்த எண்ணைப் பாருங்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தும் நூறில் நாற்பத்துநாலு பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நிரந்தரத் தீர்வு என்று எப்படி நோட்டீஸ் அடிக்க முடியும்? பைபோலாரும் மனச்சிதைவும் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பது இன்னொரு விஷயம். என் தம்பியை அவர்கள் வாசலிலேயே அடையாளம் கண்டிருப்பார்கள்.

பதற்றநோய் உள்ள 276 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. எட்டு வார வகுப்பு, எஸ்சிட்டலோப்ராம் மாத்திரைக்குச் சளைக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் என்று அவர்கள் உழைத்திருக்கிறார்கள். புதிதாகச் சிகிச்சை தொடங்குகிறவருக்கு எதைக் கொடுக்கலாம் என்பதற்கு அது ஒரு பதில். மூன்று வருஷமாக அதே மாத்திரையில் இருக்கிறவர் நாளையிலிருந்து நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி. நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கவுன்ட்டரில் பார்க்கிறேன். தலை சுற்றும், சள்ளென்று எரிச்சல் வரும், மண்டைக்குள் சுரீர் சுரீர் என்று ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். அந்த மாத்திரையை வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தியானம் செய்தவர்களில் சுமார் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு வேண்டாத விளைவு இருந்தது. அதிகமாக வந்தவை பதற்றமும் மனச்சோர்வும். முன்பு எந்த மனநோயும் வராதவர்களுக்கும் வந்திருக்கிறது. எட்டுப் பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் வரவில்லை.

எங்கள் கடையில் மாத்திரை டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு மெல்லிய காகிதம் எட்டாக மடித்து வைத்திருக்கும். பொடி எழுத்து. யாருக்குக் கொடுக்கக் கூடாது, என்ன ஆனால் நிறுத்த வேண்டும், பக்கவிளைவு என்னென்ன. யாரும் படிக்கமாட்டார்கள், ஆனாலும் உள்ளே இருக்கும். உடம்பில் வேலை செய்கிற எதற்கும் அந்தக் காகிதம் உண்டு. தியானம் வேலை செய்கிறது என்று நம்புகிறவர்கள் நீங்கள். நானும் நம்புகிறேன். அப்படியென்றால் அதற்கும் அந்தக் காகிதம் வேண்டும்.

இதெல்லாம் டாக்டர்கள் வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஊரில் நிலைமை அப்படி இல்லை. கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற அரசு மனநல மருத்துவமனைக்கு 1794 வரை போகிற வரலாறு உண்டு. இருநூறு வருஷத்துக்கு மேல் எத்தனை ஆயிரம் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும்! ஆனால் நம் வாயில் அந்தப் பேட்டையின் பெயரே வசவாகிவிட்டது. இவனை நேரா கீழ்ப்பாக்கம் கூட்டிட்டுப் போங்கடா என்று சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டில் சொல்கிறார்கள். அந்த வாசலை மிதித்ததாகப் பேர் வந்துவிட்டால் பெண் கொடுக்கமாட்டார்கள், வீடு வாடகைக்குக் கொடுக்கமாட்டார்கள் என்று பயம். அதனால் பையன் தூங்காமல் இருந்தாலும், மருமகள் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும், வீட்டில் முதலில் வருகிற யோசனை, ஏதாவது தியானத்தில் சேர்த்துவிடலாமா என்பதுதான். தியானத்துக்குப் போகிறான் என்று நாலு பேரிடம் தலை நிமிர்ந்து சொல்லலாம். தமிழ்நாடு உள்படப் பன்னிரண்டு மாநிலங்களில் 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கும் மேல் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள் என்று சொன்னது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கொஞ்சம் பேர் உங்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவர்களைப் பார்க்கிற முதல் ஆள் நீங்கள்தான்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கிறவர்களை நான் பார்க்கிறேன். மாசாமாசம் ஐந்தாம் தேதி சம்பளம் வந்ததும் ஒருவர் வருவார். முப்பது மாத்திரை, கூட ஒரு ஹார்லிக்ஸ். இரண்டு மாதம் ஆளைக் காணோம். வழியில் பார்த்தபோது, கிளாஸ் போறேன் மேடம், இப்ப மருந்தே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். மூன்றாம் மாதம் அவர் மனைவி வந்தார். கையில் வேறு சீட்டு, பழைய டோஸைவிட இரண்டு மடங்கு. நான் எதுவும் கேட்கவில்லை.

எல்லாமே மாத்திரைக் கதையும் இல்லை. ஜாஃபர்கான்பேட்டையில் இருந்து ஓர் அம்மா வருவார். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாற்றில் வந்த அந்த ராத்திரி, மாமியாரைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மாடி ஏறியவர். ஆபீஸில் மனஅமைதிக்கு என்று ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். ஏசி ஹால், விளக்கை அணைத்துவிட்டு, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஸ்பீக்கரில் மழைச் சத்தம் போட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவருக்கு மழை என்றால் அமைதி. இவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, கை விறைத்து, கண்ணைத் திறந்திருக்கிறார். கண்ணைத் திறக்காதீங்க மேடம், உள்ளேயே இருங்க என்று தோளைத் தொட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். "எனக்குத் தியானம்லாம் வராதுங்க, அதுக்கு ஒரு மனசு வேணும்" என்று என்னிடம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் மனசில் ஒரு குறையும் இல்லை. கண்ணைத் திறந்துகொள்ளுங்கள், இரண்டு பாதமும் தரையில் படுவதைப் பாருங்கள், ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பாருங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரும் இன்றைக்கு உட்கார்ந்திருப்பார். கண்ணைத் திறந்துகொண்டு செய்வதும் தியானம்தான் என்று என் டீச்சர் சொல்வார். வேகமாக மூச்சு இழுத்துவிடுகிற பயிற்சிகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். விரல் மரத்து, தலை கிறுகிறுக்கும். ஏற்கெனவே பயத்தில் இருக்கிறவருக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும்.

பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேல் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வகுப்பு மொத்தத்துக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் நடத்தியதில், வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்யவே இல்லை. பள்ளிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேண்டாம் என்கிற பிள்ளையை வற்புறுத்தாமல், ஜன்னல் பக்கம் சும்மா உட்கார விடுங்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? கேளுங்கள். ஹாலில் எல்லோர் முன்னாலும் கைதூக்கச் சொல்லிக் கேட்டால் யாரும் தூக்கமாட்டார்கள். செருப்பு விடுகிற இடத்தில், தனியாக, சாதாரணமாகக் கேளுங்கள். மனசுக்கோ தூக்கத்துக்கோ ஃபிட்ஸுக்கோ மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? பல நாள் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல் எப்போதாவது இருந்ததுண்டா? இல்லாத குரல் கேட்டதுண்டா? சமீபத்தில் வீட்டில் யாராவது தவறிப்போனார்களா? வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அது வருவதில்லை, சொல்ல ஓர் ஆள் கிடைத்தாரே என்றுதான் இருக்கும். திருமுடிவாக்கத்தில் மையம் வைத்திருக்கிற விபாசனா தியானக்காரர்களின் பத்து நாள் முகாமுக்கான விண்ணப்பத்தில் மனநலமும் மருந்தும் பற்றிய கேள்விகள் இருக்கின்றன. அவர்களால் முடிகிறதென்றால் எல்லோராலும் முடியும்.

ஆமாம் என்று ஒருவர் சொன்னால் வராதே என்று அனுப்பிவிடாதீர்கள். ஏற்கெனவே எத்தனையோ வாசலில் கூசி நின்றவர்கள் அவர்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை பத்து நிமிஷம் கண்ணைத் திறந்துகொண்டு எங்களோடு உட்காருங்கள் என்று சொல்லலாம். மூச்சைக் கவனியுங்கள் என்று எத்தனை முறை சொல்கிறீர்களோ, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றும் அத்தனை முறை சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் கேட்பார்கள். நான் சொன்னால் வியாபாரத்துக்குச் சொல்கிறாள் என்பார்கள்.

இன்னொன்று மனசில் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாராவது மோசமாகும்போது, கசடு வெளியே வருகிறது, வினை கழிகிறது, சிரத்தை போதவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தூங்காமல் இருந்தால், பயந்து நடுங்கினால், பேச்சு மாறினால், பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லுங்கள். முகாம் நடத்துகிறவர்கள் பதிவின்போதே வீட்டில் ஒருவருடைய நம்பரை வாங்கிவைத்துக்கொள்ளலாம். ஹால் சுவரில் குருவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளில் நம்பர் எழுதி ஒட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசின் சுகாதார உதவி எண் 104 இருக்கிறது. நம் ஊரிலேயே 1986இலிருந்து தற்கொலை எண்ணம் உள்ளவர்களிடம் பேசுகிற சினேகா இருக்கிறது, 1984இலிருந்து மனச்சிதைவு நோயாளிகளுக்காக உழைக்கிற ஸ்கார்ஃப் இருக்கிறது. அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் உண்டு. அந்தப் பேரை ஒருநாள் உங்கள் உரையில் மரியாதையோடு சொல்லுங்கள். நூறு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். ஒரு வருஷம் ஆயிற்று, அம்பத்தூரில் வேறு வேலை கிடைத்தது. லித்தியம் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு மொட்டைமாடிக்கு வருவான். டாக்டரிடம் கேட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தான்: பத்து நிமிஷம், கண் திறந்தபடி, முந்தின ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கியிருந்தால் மட்டும். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்காருகிற காக்கையைப் பார்த்துக்கொண்டு மூச்சைக் கவனிப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்த மடலை எழுதட்டுமா என்று கேட்டபோது, என் கதையையும் எழுது அக்கா, ஆனா தியானம் வேணாம்னு மட்டும் எழுதிடாத என்றான்.

மேலே சொன்ன கேள்விகளையும் நம்பர்களையும் அரைப் பக்கத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கவுன்ட்டரில் வைத்திருக்கிறேன். எந்த மன்றமானாலும், எந்த மையமானாலும், வந்து எடுத்துக்கொண்டு போகலாம். நோட்டீஸ் கொண்டுவந்த தம்பி, இதை நீ படித்தால் மறுபடி கடைக்கு வா. அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துவிட்டு அடித்துக் கொண்டு வா. கவுன்ட்டரில் நானே வைக்கிறேன்.

அன்புடன்,
மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு ஃபார்மசிஸ்ட்